தேயிலைத் தோட்டப் புனைகதைகளில் தனிமையும் கலைந்த கனவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு ஒரு காட்சியை விளக்க வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டோடு இக்கடலில் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோய்விட்டது. ஆயினும் அதைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் நிற்கவில்லை. குளிகாரர் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு ஆழத்திற்கு இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். மூச்சு முட்டும் வேளையில் கீழிருந்து கயிறு ஒருமுறை அசையும். மேலே நிற்பவர் இழுத்துவிடுவார். ஆழத்தில் குளிகாரர் தனியாகத்தான் இருக்கிறார். ஆனால், அவர் தனித்துவிடப்பட்டவர் அல்லர். அவருடைய அசைவுக்காக ஒரு கை மேலே காத்திருக்கிறது.

தனியாக இருப்பதற்கும் தனித்துவிடப்படுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். பிழைப்புத் தேடி மலைத்தோட்டங்களுக்குச் சென்ற உழவுத் தொழிலாளரைப் பற்றித் தமிழில் எழுந்த புனைகதைகளில் தனிமையும் கலைந்த கனவும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதே என் பொருள். இப்பொருளை இந்த ஊரில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கதைகளின் மாந்தர் பலர் புறப்பட்ட மண் நம்முடைய மண். கடந்த கடல் நம்முடைய கடல்.

கப்பலை நினைவு வைத்திருக்கிறோம்

1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டிய வரலாறு நமக்குத் தெரியும். பள்ளிக் குழந்தையும் சொல்லும். ஆனால், அந்தக் கடல்வழியில் எந்தக் கொடி பறந்த கப்பலானாலும் அதன் மேல்தட்டில் குந்தியிருந்த ஏழைப் பயணிகள் யார், எங்கே போனார்கள், திரும்பினார்களா என்று நாம் கேட்பதில்லை. சென்னையிலிருந்து வந்த 'போட் மெயில்' தொடர்வண்டி முதலில் தூத்துக்குடிக்குத்தான் வந்தது. 1914-இல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்த பிறகே அது திசை மாறியது. நமக்கு அருகிலுள்ள தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் தோட்டத்திற்குச் செல்லும் ஆட்களை நிறுத்திவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பும் முகாம்கள் இருந்தன. தட்டப்பாறையைத் தொடர்வண்டியில் கடக்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு அந்த நினைவு வருகிறது?

இலங்கையில் முதலில் பயிரானது காப்பி. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்திற்குப் போய், பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவது அக்கால வழக்கம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டிற்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869 முதல் இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்தது; தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே, குடும்பம் குடும்பமாக ஆள் தேவைப்பட்டது. போய் வருவது என்ற நிலை மாறி, போய்த் தங்குவது என்ற நிலை வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும்பஞ்சம் இந்த ஓட்டத்திற்கு மேலும் விரைவூட்டியது.

பயிர் மாறியதால் பிரிவின் இலக்கணமே மாறிப்போனது என்பதை இலக்கியம் பயில்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

கார்காலம் வராத பாலை

பிரிவைப் பற்றி நம் அகப்பொருள் மரபு சொல்லாத செய்தி இல்லை. பொருள்வயின் பிரிவில் தலைவன் சுரம் கடந்து செல்கிறான். தலைவி இல்லிருந்து ஆற்றுகிறாள். கடல்வழிச் செல்லும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. தலைவன் ஒரு பருவத்தைக் குறித்துச் செல்கிறான். கார்காலம் வந்ததும் தலைவி வழிமேல் விழி வைக்கிறாள். மேகம் வந்தும் அவன் வராவிட்டால், இது காரன்று, வம்ப மழை என்று தோழி தேற்றுகிறாள். துன்பந்தான், ஆனாலும் அந்தத் துன்பத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு. போகிறவன் ஒருவன், காத்திருப்பவள் ஒருத்தி, திரும்பும் பருவம் ஒன்று என மூன்றும் அங்கே உள்ளன.

தேயிலைத் தோட்டக் கதைகளில் இந்த மூன்றும் குலைகின்றன. பெண்ணும் கடல் கடக்கிறாள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போவதால் ஊரில் காத்திருப்பவர் யாருமில்லை. திரும்பும் பருவமோ வருவதேயில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும் மலையில் கார் எது, கூதிர் எது? சங்கப் பாலையில் பிரிந்தவர்கள் மனத்தால் சேர்ந்திருந்தார்கள். இந்தப் பாலையிலோ ஒரே அறையில் சேர்ந்திருப்பவர்கள் மனத்தால் பிரிந்துபோகிறார்கள். தமிழ்ப் புனைகதை இருபதாம் நூற்றாண்டில் கண்ட புதிய பாலை இது என்று நான் கருதுகிறேன்.

மருதியின் கிணறு

எட்டயபுரத்துக் கவிஞர் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களைப் பாடினார். அந்தப் பாடலில் அவர் காற்றை நோக்கிக் கேள்வி கேட்கிறார் என்பது நினைவுகூரத்தக்கது. அந்தப் பெண்களின் அழுகையைக் கேட்டுவந்து சொல்வதற்குக் காற்றைத் தவிர வேறு சாட்சி இல்லை. அப்பாட்டிலுள்ள 'துன்பக் கேணி' என்னும் தொடரையே புதுமைப்பித்தன் தம் நெடுங்கதைக்குத் தலைப்பாக வைத்தார். 'துன்பக்கேணி' 1935-இல் 'மணிக்கொடி' இதழில் வெளிவந்தது.

தாமிரபரணிக் கரையிலுள்ள வாசவன்பட்டியின் சேரியில் கதை தொடங்குகிறது. மருதியும் வெள்ளையனும் கனவு காணத் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் காணும் கனவு சிறியது: அடியின்றி, அவமானமின்றி ஒரு வாழ்வு. பண்ணையாரின் ஊர் அதைத் தரவில்லை. கணவன் சிறைக்குப் போக, மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போகிறாள். அங்கே தோட்டத்து அதிகாரம் அவள் உழைப்பை எடுத்துக்கொள்வதோடு நிற்கவில்லை. அவள் உடலையும் விட்டுவைக்கவில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இக்கதையை முதன்முதல் படித்தபோது, இது பிரசார வாடை வீசும் கதை, கட்டமைப்புத் தளர்ந்தது என்று ஓரக்குறிப்பு எழுதினேன். அந்த ஓரக்குறிப்புக்காக இன்று வருந்துகிறேன். புதுமைப்பித்தன் அங்கே செய்திருக்கும் ஒரு செயலை அன்று நான் காணவில்லை. ஊரைச் சொர்க்கமாகவும் தோட்டத்தை நரகமாகவும் அவர் பிரிக்கவில்லை. மருதியை விரட்டியது வாசவன்பட்டிதான். ஊரே அவளை வெளியே தள்ளிய பிறகு, அவள் எந்த ஊரை நினைத்து ஏங்க முடியும்? ஏங்குவதற்கும் ஓர் ஊர் இல்லாத தனிமை அவளுடையது. கேணி என்ற சொல்லின் பொருத்தம் அப்போதுதான் விளங்குகிறது. கிணற்றுக்குள் விழுந்தவர் மேலே பார்த்துக் கூவலாம். கேட்பதற்கு ஆள் நிற்க வேண்டும்.

முன்பணமாகத் தரப்பட்ட கனவு

தோட்டக் கதைகளில் கனவு என்பது மனத்தில் தானாக முளைப்பதில்லை. அது கையில் கொடுக்கப்படுகிறது. ஆள்கட்டி ஊருக்கு வருகிறான். தலைப்பாகையும் கோட்டும் குடையுமாகத் திண்ணையில் அமர்கிறான். இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்தால் காணி நிலம் வாங்கிவிடலாம் என்கிறான். முன்பணம் எண்ணி வைக்கிறான். அந்த முன்பணமே கனவின் முதல் தவணை. அடிமைத்தனத்தின் முதல் தவணையும் அதுவே. வழிச்செலவு, கம்பளி, அரிசி என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்கு நாள்தோறும் தலைக்காசு உண்டு. இலங்கையில் தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு அவனைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. வேறு தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். ஆளின் விலை அச்சீட்டில் எழுதப்பட்டிருந்தது. இம்முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இந்தக் கணக்கின் கொடுமையை முழுமையாகக் காட்டியவர் பி.எச்.டேனியல். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய அவர் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் நாவலை, இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று 2007-இல் தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' திரைப்படத்திற்கும் அதுவே அடிப்படை. அந்நாவலின் கருப்பனும் வள்ளியும் வேற்றூரார் அல்லர். நம் கயத்தாற்றுப் பக்கத்து மயிலோடைக்காரர்கள். வால்பாறை மலைக்குப் போனால் மீளலாம் என்று நம்பிப் புறப்படுகிறார்கள். ஆண்டு முடிந்து கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது. கையில் வரவேண்டிய தொகை கடனாக நிற்கிறது. அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று அவர்கள் கனவு தள்ளிப்போடப்படுகிறது. கனவு ஒரே அடியில் உடைந்தால் மனிதன் அழுதுவிட்டு எழுந்துவிடுவான். ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்படும் கனவு அவனை எழவும் விடுவதில்லை, விழவும் விடுவதில்லை. மருத்துவர் ஒருவர் எழுதியதால், காய்ச்சலும் குளிரும் அட்டைக்கடியும் அந்நாவலில் வருணனையாக நிற்காமல் நோய்க்குறிகளாகவே நிற்கின்றன.

இலங்கை மலையகத்தைக் களமாகக் கொண்டு கோகிலம் சுப்பையா எழுதிய 'தூரத்துப் பச்சை' 1964-இல் வெளிவந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியான தூரத்துப் பச்சை என்ற பழமொழியைத் தலைப்பிலேயே பாதியில் நிறுத்திவிட்டார் ஆசிரியர். மறுபாதியை நாவல் சொல்லுகிறது. பெண்ணின் துயரைப் பெண்ணே எழுதியதால், தோட்டத்துப் பெண் வீட்டுக்குள் சுமக்கும் இரண்டாம் பாரமும் அதில் பதிவாகியிருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் தப்பு ஒலிக்கும்போது எழுந்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடை சுமந்து, மாலையில் திரும்பி அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு, தனியாக இருப்பதற்குக்கூட நேரம் கிடைப்பதில்லை.

இந்நாவலின் நாயகி பெயரும் வள்ளி. இவ்விரு வள்ளியரையும் சேர்த்து எண்ணும்போது என் மனம் திருச்செந்தூர்க் கடற்கரையிலுள்ள வள்ளி குகைக்குச் செல்கிறது. புராணத்து வள்ளி மலைமகள். தினைப்புனம் அவளுடையது; கிளி ஓட்டும் பரண் அவளுடையது; அவளைத் தேடி முருகனே வேடம் புனைந்து மலையேறி வந்தான். புனைகதை வள்ளியரும் மலையில்தான் வாழ்கிறார்கள். ஆனால், அந்தப் புனம் அவர்களுடையது அன்று. அவர்களைத் தேடி மலையேறி வருபவன் எவனும் இல்லை. நம் குறிஞ்சி அங்கே கூலிக்குறிஞ்சி ஆகிவிட்டது.

சோலிடாட்டும் நம் லயமும்

பிற நாட்டு இலக்கியத்தில் ஓர் ஒப்புமை. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டீன்பெக், பண்ணைக்குப் பண்ணை அலையும் கூலியாட்களைப் பற்றி 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்ற குறுநாவலை 1937-இலும், 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்ற பெருநாவலை 1939-இலும் எழுதினார். குறுநாவல் நிகழும் இடம் கலிபோர்னியாவில் சோலிடாட் என்னும் ஊரின் அருகே. ஸ்பானிய மொழியில் அச்சொல்லின் பொருள் தனிமை. ஜார்ஜ், லென்னி என்னும் நண்பர் இருவர் சிறிது நிலம் வாங்கி, முயல் வளர்த்து வாழ்வதாகக் கனவு காண்கிறார்கள். ஒருவன் சொல்ல, மற்றவன் மனப்பாடமான கதையைக் கேட்பதுபோல் ஆவலோடு கேட்கிறான். கையிழந்த கிழவர் கேண்டியும் அக்கனவில் பங்கு கேட்கிறார். கறுப்பினத்தவனாகையால் தனி அறையில் ஒதுக்கப்பட்ட குரூக்ஸும் ஒரு கணம் அதில் சேர விரும்புகிறான். முடிவில் நண்பனின் கையாலேயே லென்னி உயிர் பிரிகிறது.

நம் கதைகளோடு இதை ஒட்டி வைத்துப் பார்க்கும்போது ஒரு வேற்றுமை புலனாகிறது. ஸ்டீன்பெக்கின் கூலியாட்கள் குடும்பமற்றவர்கள், ஆகவே தனியர்கள். அவர்களுக்குக் கனவே குடும்பம். நம் மலையகத்து மாந்தரோ குடும்பத்தோடு இருக்கிறார்கள். சாதியோடும் சாமியோடும் காமன்கூத்தோடும் போயிருக்கிறார்கள். அப்படியிருந்தும் தனித்துப்போகிறார்கள் என்றால் அந்தத் தனிமை எங்கிருந்து வந்தது?

தெளிவத்தை ஜோசப் இதற்கு விடை தருகிறார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தலைமுறையின் எழுத்தாளர் அவர். லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் முடங்கிக் கிடக்கும் அவலத்தை 'மீன்கள்' என்னும் சிறுகதையில் எழுதினார். அங்கே நெருக்கமே தனிமையை உண்டாக்குகிறது. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச ஒரு மூலை இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச வேண்டிய நிலையை அந்த அறை உண்டாக்கிவிடுகிறது. மனிதனுக்குத் தனியிடம் மறுக்கப்படும்போது உறவும் மறுக்கப்பட்டுவிடுகிறது என்பதை அக்கதை ஒரு சொற்பொழிவும் இல்லாமல் உணர்த்துகிறது.

அவருக்கு முன்னோடியான சி.வி.வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்தவர், 1947-இல் இலங்கை நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கவிஞர். அவருடைய நாவலொன்றின் தலைப்பு 'வீடற்றவன்'. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்ததும் அவர்தான். கவிஞர் நிறைந்த இந்த அவையில் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோட்டத்தின் முதல் இலக்கியம் நாவலன்று, பாட்டு. கொழுந்து எடுத்தபடியே பெண்கள் பாடிய பாட்டு. தொழிற்சங்க முன்னோடி கோ.நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடித்தான் தொழிலாளரைத் திரட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் தனிமைக்குப் பாட்டே கயிறாக இருந்தது.

சட்டம் உண்டாக்கிய தனிமை

இதுவரை சொன்னது போனவர்களின் கதை. திரும்பியவர்களின் கதைக்கு வருகிறேன்.

1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அவர்களுக்கு அரசு ஏட்டில் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களில் மிகப் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பார்த்திராத ஊருக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப முடியும்? சிலரை நீலகிரியில் 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஏற்றுக்கொண்டன. பலர் உறவினர் வீட்டுத் தாழ்வாரங்களில் ஒண்டினர்.

அப்படி ஒரு தாழ்வாரம் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் தந்தையாரின் அத்தை அதில் வாழ்ந்தார். நாங்கள் மலையாச்சி என்று அழைப்போம். எட்டயபுரத்தை அடுத்த கரிசல் காட்டிலிருந்து 1930-களில், பத்து வயது நிரம்பாத சிறுமியாகப் பெற்றோருடன் மண்டபம் வழியே சென்றவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தாத்தாவோடு கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கினார். மூத்த மகள் கணவன் வீட்டாரோடு இலங்கைக் குடியுரிமை பெற்றதால் அங்கேயே தங்கிவிட்டாள். ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்தை இரண்டு நாடுகளின் கணக்கு இரண்டாக்கியது. தாத்தா சில ஆண்டுகளில் காலமானார். மகளிடமிருந்து எப்போதாவது நீலநிறக் கடிதம் வரும். 1983 கலவரத்திற்குப் பின் நெடுநாள் வரவேயில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

ஆச்சி முருங்கைக்கீரை ஆயும்போது நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். இரண்டு விரலால் கொழுந்தைக் கிள்ளி, கை தானாகத் தோளுக்குப் பின்னால் போகும். அங்கே கூடை இல்லை. கீரை தரையில் சிதறும். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம், நானுந்தான் சிரித்தேன். ஆச்சியும் சிரித்துவிட்டுப் பொறுக்கி எடுப்பார்.

பங்குனி வெயில் தகிக்கும் மாலைகளில், "எங்க ஊர்ல இந்நேரம் பனி எறங்கியிருக்கும்" என்பார்.

"எந்த ஊரு ஆச்சி?"

"எங்க ஊருதான்."

அந்த ஊர் கரிசல் காடு அன்று. லயத்தில் கிடந்த காலமெல்லாம் கரிசலைக் கனவு கண்டவர். கரிசல் சீமைக்குத் திரும்பிய நாள்முதல் மலையைக் கனவு கண்டார். அவருடைய முதற்கனவு உடைந்தது கைகூடாததால். இரண்டாவது உடைந்தது கைகூடியதால். நான் படித்த எந்த நாவலும் இந்த இரண்டாம் உடைவுக்கு என்னை ஆயத்தப்படுத்தவில்லை.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது என் குற்றம். புலம்பெயர் தொழிலாளர் புனைகதைகளைப் பற்றிய என் ஆய்வேட்டை அந்த வீட்டிலிருந்துதான் எழுதினேன். 'தனிமை' என்று அதில் ஓர் இயலே உண்டு. நூலகம் நூலகமாக அலைந்தேன், மேற்கோள் திரட்டினேன். தாழ்வாரத்தில் கிடந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் பேச வந்தபோதெல்லாம், "எழுதுற வேலை இருக்கு ஆச்சி, அப்புறம் பேசுவோம்" என்றேன். 2008-இல் ஆச்சி காலமானார். ஆய்வேடு அதன்பின் ஏற்கப்பட்டது, பட்டமும் கிடைத்தது. அவர் பாடிக்கொண்டிருந்த கொழுந்துப் பாட்டுகளில் ஒன்றுகூட முழுதாக என்னிடம் இல்லை. கயிறு என் கையில்தான் இருந்தது. அது அசைந்ததை நான் உணரவில்லை.

மலை இறங்குவோர்

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் கொள்ள வேண்டாம். மருதியின் தாமிரபரணி உற்பத்தியாகும் மலைத்தொடரில்தான் மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி சமீன் நிலத்தில் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையில் உருவான தோட்டம் அது. 1999 ஜூலை 23 அன்று, அத்தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் சென்ற பேரணி கலைக்கப்பட்டபோது, அதே தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2024-இல் தோட்டத்தை மூட முடிவு செய்த நிறுவனம் தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுக்குக் கையொப்பம் பெற்றது. மூன்று, நான்கு தலைமுறையாக மலையில் பிறந்தவர்கள் கீழே இறங்க வேண்டியவர்களானார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டி நம் வெயிலில் அமர்ந்து, எங்கள் ஊரில் இந்நேரம் பனி இறங்கியிருக்கும் என்று சொல்லக்கூடும். அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

நம் பக்கத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இளைஞர்கள் நம் மாநிலத்திற்கு வந்து கட்டடங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்கிறார்கள். நெல் நடவுக்கும் வந்துவிட்டார்கள். அன்று நாம் ஆள்கட்டியின் பின்னால் போனோம். இன்று நம்மிடம் ஆட்கள் வருகிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துறங்கும் அவர்களின் மொழி நமக்குத் தெரியாது. தெரியாத மொழியிலும் பாட்டைக் கேட்கலாம். துயரப்பாட்டு எது என்று தெரிந்துகொள்ள அகராதி வேண்டியதில்லை.

நிறைவாக

மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். தோட்டப் புனைகதைகள் காட்டும் தனிமை, ஆளில்லாமையால் வந்ததன்று. காத்திருப்பவர் இல்லாமையால் வந்தது. அவை காட்டும் கனவு, அவர்களே கண்டதாயினும், கடனாகத் தரப்பட்டது. ஆகையால் அது உடையும்போது வட்டியையும் வாங்கிக்கொண்டது. மூன்றாவது, போனவர்களின் கதை ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. திரும்பியவர்களின் கதை போதிய அளவு எழுதப்படவில்லை. அவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வட்டம் பத்தாண்டு நிறைவை விழாவாகக் கொண்டாடுவது மகிழ்ச்சிக்குரியது. அடுத்த பத்தாண்டில் ஒரு பணியை மேற்கொள்ளுமாறு கவிஞர் பெருமக்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் ஒவ்வொருவரும், மலையிலிருந்து வந்த ஒருவரையாவது தேடிச் சென்று அமருங்கள். அவர் பாடும் ஒரு பாட்டையாவது முழுதாக எழுதி வாருங்கள். கவிதை எழுதுவது பிறகு இருக்கட்டும். முதலில் கயிற்றைப் பிடியுங்கள். ஆழத்திலிருந்து அது இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.